கால் மரத்துப்போனால் முதுகையும் பாருங்கள்
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

போன வருஷம் நான் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "என்ன சார், மூட்டு வலியா?" என்று கேட்டீர்கள். எனக்கே அப்போது பதில் தெரியாது.

மாலை நடையில் இரண்டு சுற்று முடிந்ததும் கால் கனக்கும். பெஞ்சில் உட்கார்ந்தால் சற்றுத் தேவலை. பிறகு பஞ்சின்மேல் நடப்பதுபோல ஆனது. செருப்பு கழன்றது தெரியாமல் லிஃப்ட் வரை வந்திருக்கிறேன். அடுத்து சிறுநீர் சிக்கல். பிராஸ்டேட் என்று ஒரு மாத்திரை, சர்க்கரையால் நரம்புத் தளர்ச்சி என்று இன்னொன்று. இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. நம் வயதில் யாருக்குத்தான் பிதுங்காது? அதற்கு உடற்பயிற்சி. செய்யச் செய்ய மோசமானது. கடைசியில் முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. இதற்குள் 14 மாதம் ஓடிவிட்டது.

ஊசிக்குப் பின் மோசமானதைக் கேட்ட நரம்பியல் மருத்துவர் ஒருவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடு முதுகையும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். தண்டுவடம் வீங்கியிருந்தது. அதன் பின்பக்கம் புழு ஊர்ந்தமாதிரி கறுப்புப் புள்ளிகள், புடைத்த ரத்தக்குழாய்கள். நோயின் பெயர் ஸ்பைனல் டியூரல் ஏ.வி. ஃபிஸ்டுலா.

பெயரை விடுங்கள். நம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வேகமாக இறங்கும் குழாயை யாரோ கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே தேங்கும் அல்லவா? தண்டுவடத்தின் உறையில் ஒரு தமனி நேராக ஒரு சிரையில் கலந்துவிடுகிறது. அழுத்தம் தாங்காமல் சிரைகள் புடைக்க, ரத்தம் தேங்கி, தண்டுவடம் ஊறிப்போகிறது. இணைப்பு நெஞ்சு உயரத்தில் இருந்தாலும் தொல்லை கால்களில் தெரியும். அதனால்தான் இடுப்பை மட்டும் படம் எடுத்தால் சிக்குவதில்லை. உழைக்க உழைக்க அழுத்தம் கூடும். உடற்பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளாததன் காரணமும் அதுதான்.

1926-ல் பாரிஸில் ஃபுவா, அலஜுவானின் என்ற இருவர் இத்தகைய தண்டுவடச் சிதைவை விவரித்தார்கள். கோளாறு உறையில்தான் என்பதை லண்டனில் கெண்டால், லோக் இருவரும் 1977-ல் விளக்கினார்கள். அதுவரை தண்டுவடத்தின் மேலிருந்த சிரைகளையே உரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

இணைப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஒவ்வொரு விலா எலும்பு மட்டத்திலும் இடது, வலது என்று மருந்து செலுத்திப் படம் எடுக்கிறார்கள். "மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள்" என்று மணிக்கணக்கில். எனக்கு ஏழாவது நெஞ்சு முள்ளெலும்பு மட்டத்தில், இடப்பக்கம் கிடைத்தது.

பிறகு மயக்கம் கொடுத்து, அதே வழியில் இன்னும் மெல்லிய குழாயைக் கொண்டுபோய் ஒரு பசையைச் செலுத்தினார்கள். பசை தமனியோடு நின்றுவிடக் கூடாது. சிரையின் தொடக்கம் வரை போய் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துக் குழாய்கள் வழியாக இணைப்பு மறுபடி திறந்துகொள்ளும். அதே தமனி தண்டுவடத்துக்கும் ரத்தம் கொடுப்பதாக இருந்தால் பசை ஆபத்து. அப்போது முதுகைத் திறந்து அந்தச் சிரையைத் துண்டிப்பார்கள். முதல் முறையிலேயே நிரந்தரமாக மூடுவதில் அறுவை சிகிச்சைதான் முன்னால் நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வங்கியில் எத்தனையோ பேரைப் படிக்கவிடாமலே கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அன்று ஒப்புதல் படிவத்தை வரி விடாமல் படித்தேன்.

கீறல் என்று பார்த்தால் தொடையில் ஒரு ஊசித் துளை. கால் பலம் மெல்ல மெல்ல வந்தது; இப்போது கோல் இல்லாமல் நடக்கிறேன். சிறுநீர் மட்டும் சரியாகவில்லை. மூன்று மணிக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் போகிறேன். மேற்கொண்டு கெடாமல் நிறுத்துவதுதான் சிகிச்சையின் முதல் வேலை, போனது எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்றார் மருத்துவர். அந்த 14 மாதத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

கால் மரத்தவர்களுக்கெல்லாம் இது இருக்கும் என்று பயப்பட வேண்டாம். ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வருகிறது. ஐம்பது தாண்டிய ஆண்களே அதிகம். ஆனால் இரண்டு காலும் தளர்ந்து, சிறுநீரும் சேர்ந்து சிக்கலாகி, நடந்தால் கூடுகிறது என்றால், "நடு முதுகையும் பார்க்க வேண்டுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் படங்களின் சி.டி. வீட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள், காபியும் உண்டு.