பள்ளி வண்டியும் சாரதியின் பொறுப்பும்

(நம் சங்கத்துப் பள்ளியில் சாரதிகளும் பெற்றோரும் நிர்வாகக் குழுவினரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் முன்னோர் பிடியரிசி சேர்த்தும், கடைதோறும் மகமை திரட்டியும் பள்ளிக்கூடங்களை நிறுவினர். அக்காலத்துப் பிள்ளைகள் கால்நடையாகவே வந்து கற்றனர். இக்காலத்திலோ நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் வண்டியேறி வருகின்றனர். ஆதலின் பள்ளிக்கூடம் அதன் வாயிலில் தொடங்குகிறது என்று கருதுவது இனிப் பொருந்தாது. பிள்ளை தன் தெருமுனையில் பஸ்ஸின் படியிற் கால் வைக்கும் அக்கணமே அதன் காவல் தாயின் கையினின்று பள்ளியின் கைக்கு மாறிவிடுகிறது. அக்காவலை முதலில் ஏற்பவர் தலைமையாசிரியர் அல்லர், சாரதியே ஆவார். ஆண்டுவிழா மேடைகளில் ஆசிரியருக்கு மாலையிடுகின்றோம். கொடையாளிகளுக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். நாள்தோறும் இருமுறை ஐம்பது உயிர்களைத் தம் கையிற் சுமந்து வருபவரை நாம் நினைப்பதே அரிது. அவரைப்பற்றியும், அவர் கைக்கொள்ள வேண்டிய விதிகளைப்பற்றியும், அவ்விதிகள் நிறைவேறுதற்கு நாம் செய்யவேண்டுவன யாவை என்பதுபற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இவ்விதிகள் எவ்வாறு பிறந்தன என்பதை நினைவுகூர்தல் நலம். 1997-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தில்லியில் ஒரு பள்ளி பஸ் வஜீராபாத் பாலத்தினின்று யமுனையாற்றில் வீழ்ந்து, 28 பிள்ளைகள் மாண்டனர். தலைநகரின் போக்குவரத்தைக் குறித்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டின் இறுதியிற் பிறப்பித்த கட்டளைகளே இன்று நாடெங்கும் வழங்கும் பள்ளி வண்டி விதிகள் பலவற்றுக்கு அடிப்படையாயின. நம் தமிழ்நாட்டில், 2009-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் வேதாரணியத்தை அடுத்த ஓர் ஊரில் பள்ளி வேன் ஒன்று குளத்திற் கவிழ்ந்தது. ஒன்பது பிள்ளைகளும், அவர்களைக் காக்க முனைந்த இளம் ஆசிரியை ஒருவரும் உயிர் துறந்தனர். 2012-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் தாம்பரத்தை அடுத்த பகுதியில், ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி வீழ்ந்து, அவ்வண்டியின் சக்கரத்திலேயே உயிரிழந்தாள். சென்னை உயர்நீதிமன்றம் அதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டிற் சிறப்பு விதிகள் வகுக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் சென்னையில், பள்ளி வளாகத்தினுள்ளேயே பின்னோக்கி வந்த வேனில் அகப்பட்டு ஒரு சிறுவன் மாண்டான். அதன்பின்னரே வண்டிகளின் முன்னும் பின்னும் காமிராவும், தடை கண்டவிடத்து ஒலியெழுப்பும் கருவியும் வேண்டுமென்ற விதி வந்தது.

ஒன்று பாலம், ஒன்று குளம், ஒன்று ஓட்டை, ஒன்று வளாகம். காரணங்கள் வெவ்வேறாயினும், ஒவ்வொரு விதியின் பின்னும் ஒரு பிள்ளையின் உயிர் நிற்கிறது. அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற விதியைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு மறந்திருத்தல் தகுமா என்று எண்ணிப் பாருங்கள்.

இனிச் சாரதிகளாகிய சகோதரர்களுக்குச் சில சொல்வேன். விதியை மட்டும் கூறினால் அது கட்டளையாக நிற்கும். காரணமும் கூறினால் அறிவாகப் பதியும்.

காலையில் வண்டியை எடுக்குமுன் ஒருமுறை அதனைச் சுற்றி வருக. டயர், பிரேக், விளக்கு, கதவின் தாழ், அவசர வழி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி ஆகிய இவற்றைக் கண்ணாற் காண்க. வண்டியினுள் ஏறித் தளத்தைக் காலால் மிதித்துப் பார்க்க. ஐந்து நிமிடம் செலவாகும். தாம்பரத்துப் பஸ்ஸின் தளத்தை அன்று காலை ஒருவர் இவ்வாறு மிதித்துப் பார்த்து வண்டியை நிறுத்தியிருப்பாராயின், அச்சிறுமி அன்று மாலை வீடு திரும்பியிருப்பாள்.

அடுத்தது வேகம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது பள்ளி பஸ்ஸுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வகுக்கும் எல்லையாகப் பலவிடத்தும் வழங்குகிறது. அவ்வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்திலோ ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். குறுக்கே ஓடும் பிள்ளையைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கே ஒரு விநாடி கழிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்பதற்கு வேண்டும் தூரமோ வேகம் ஏறிய அளவாக மட்டும் ஏறுவதன்று. வேகம் ஒன்றரை மடங்கானால், அத்தூரம் இரண்டேகால் மடங்காகும். இதில் நம் கைத்திறமைக்கு இடமில்லை; இயற்கையின் கணக்கு அது.

கைத்தொலைபேசியைக் குறித்தும் இதே கணக்குத்தான். அழைத்தவர் யாரென்று மூன்று விநாடி குனிந்து பார்ப்பீராயின், 33 மீட்டர் தூரம் ஐம்பது பிள்ளைகளோடு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினீர் என்பதே பொருள். தொலைபேசியைக் கையிற் பிடித்து ஓட்டுதலை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டம் அபாயகரமாக ஓட்டும் குற்றத்தோடு சேர்த்திருக்கிறது. மதுவைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருத்தலாகாது என்பது சட்டத்தின் வரம்பு. பள்ளிச் சாரதிக்கு வரம்பு ஒன்றே: சிறிதும் இருத்தல் கூடாது. முன்னிரவில் அருந்தியதும் விடியலில் உடம்பில் எஞ்சியிருத்தல் கூடும் என்பதை மறவற்க.

பிள்ளைகள் ஏறி இறங்கும் நேரமே மிக்க கவனத்துக்குரியது. இறங்கிய பிள்ளை நேரே வீட்டுக்குச் செல்லும் என்று எண்ணற்க. எதிர்ப்புறத்தில் தாயைக் கண்டவுடன் வண்டியின் முன்னாற் குறுக்கே ஓடும். விழுந்த பென்சிலை எடுக்கச் சக்கரத்தின் அருகே குனியும். உயர்ந்த இருக்கையில் அமர்ந்த சாரதிக்கு, வண்டியின் முகப்பை ஒட்டி நிற்கும் சிறு பிள்ளை தென்படாது. ஆதலின் உதவியாளர் முதலில் இறங்கி, பிள்ளையைக் கைப்பிடித்து அப்பாற் சேர்த்து, மீண்டும் ஏறிக் கதவைத் தாழிட்டுக் குரல் கொடுத்த பின்னரே வண்டி நகரவேண்டும். உதவியாளர் வராத நாளில் வண்டி புறப்படலாகாது.

வளாகத்தினுள் இயன்றவரையிற் பின்னோக்கி ஓட்டுதலையே ஒழிக்க வேண்டும். ஒரு வாயிலால் நுழைந்து மற்றொரு வாயிலால் வெளியேறும்படி வழியமைத்தால் அதற்குத் தேவையே இராது. தவிர்க்க முடியாதவிடத்து, ஒருவர் பின்னே நின்று சைகை காட்டாமல் ஓரடியும் நகரலாகாது. காமிரா கண்ணுக்குத் துணையேயன்றிக் காவலுக்கு மாற்றாகாது. பிள்ளைகளை இறக்கிய பின் கடைசி இருக்கை வரையில் நடந்து சென்று, ஒவ்வோர் இருக்கையின் கீழும் பார்க்க. தூங்கிப்போன குழந்தை ஒன்று உள்ளே இருத்தல் கூடும். வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டி சிறிது நேரத்திற் சூளைபோலாகும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் ஓடும். சுரங்கப்பாதையில் நீர் தேங்கும். ஆழம் தெரியாத நீரில் வண்டியை இறக்கற்க. ஒரு மணி நேரம் தாமதமாயினும், பத்து மைல் சுற்றிச் செல்ல நேரினும், பாதகமில்லை.

இதுகாறும் சாரதியின் கடமையைக் கூறினேன். ஆனால் என் பேச்சின் முக்கியப் பகுதி இனித்தான் வருகிறது. அது நிர்வாகக் குழுவிலிருக்கும் பெரியோர்களுக்குரியது.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையை அறியாதார் நம்மில் இலர். இளவரசன் ஏறிச்சென்ற தேர்க்காலில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்டது. கன்று தானே துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது என்று அமைச்சர் எடுத்துரைத்தார். அரசன் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. தன் வீட்டுத் தேரினால் விளைந்த கேட்டுக்குத் தன் வீடே பொறுப்பு என்று கொண்டான். அவன் விதித்த தண்டனையை நாம் இக்காலத்தில் மேற்கொள்ள வேண்டுவதில்லை. அவன் ஏற்ற பொறுப்பை மேற்கொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தவிடத்து, 'பிள்ளை குறுக்கே ஓடிற்று' என்றும், 'சாரதியை வேலையினின்று நீக்கிவிட்டோம்' என்றும் கூறித் தேரின் உடையவர் ஒதுங்கிக்கொள்ளுதல் அவன் காட்டிய நெறியன்று.

சாரதி ஏன் விரைகிறார்? நாற்பது நிமிடத்தில் முடியாத பாதையை நாற்பது நிமிடத்தில் முடிக்குமாறு அட்டவணை வகுத்தவர் யார்? அவர் ஏன் கண்ணயர்கிறார்? முன்னிரவு கலியாணக் கோஷ்டியை ஏற்றிச் செல்ல அவரை அனுப்பியவர் யார்? தேய்ந்த டயரோடு ஏன் புறப்படுகிறார்? 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று சொன்னவர் யார்? இருக்கைக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏற்றியது அவர் விருப்பமா? இவ்வினாக்களுக்குச் சாரதியின் இருக்கையில் விடை இல்லை. நம் அலுவலக மேசையில் இருக்கிறது.

ஆதலின் நான் வேண்டுவது ஒன்று. 'இன்று இவ்வண்டியை எடுக்க முடியாது' என்று சொல்லும் உரிமையைச் சாரதிக்கு நாம் அளிக்க வேண்டும். பிரேக் சரியில்லை என்றோ, மழை மிகுதி என்றோ, தமக்குக் காய்ச்சல் என்றோ, இரவில் உறக்கமில்லை என்றோ அவர் கூறுவாராயின், அதற்காக ஒருநாட் கூலியும் குறைதலாகாது. கடுஞ்சொல் ஒன்றும் எழுதலாகாது. கனரக வண்டி ஓட்டுவதில் ஐந்தாண்டுப் பழக்கமேனும் வேண்டும் என்று விதி கேட்கிறது. அப்பழக்கம் உடையவரை அமர்த்திவிட்டு, அப்பழக்கம் அவர் வாயிலாகக் கூறுவதைக் கேளாதிருப்போமாயின், அவ்விதியால் என்ன பயன்?

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பேடு வைப்போம். கண்ட குறையைச் சாரதி அதில் நாள்தோறும் எழுதட்டும். செயலாளர் பார்த்து, குறை நீங்கிய பின் கையொப்பமிடட்டும். கையொப்பமில்லாத வண்டி வாயிலைக் கடத்தல் கூடாது. ஓர் ஏட்டின் விலை நாற்பது ஐம்பது ரூபாய். அது வாங்க இயலாத ஏழ்மை நம் சங்கத்துக்கு இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். 'எங்கே வருகிறீர்கள்?' என்று ஓட்டிக்கொண்டிருக்கும் சாரதியை அழைக்கற்க, உதவியாளரை அழையுங்கள். ஐந்து நிமிடம் முன்னரே பிள்ளையோடு நில்லுங்கள். சாலையைக் கடக்க வேண்டிய பிள்ளையை அழைக்க, பஸ் நிற்கும் பக்கத்திலேயே நில்லுங்கள். 18 வயது நிரம்பாத மகனிடம் மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுப்பது அன்பன்று. அவன் ஓட்டிக் குற்றம் நேருமாயின், பெற்றோர்க்கோ வண்டியின் உடையவர்க்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சட்டம் விதிக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அவன் 25 வயது வரையில் உரிமம் பெற முடியாது. சாரதியிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் நாம், தலைக்கவசமின்றி மூவரை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளி வாயிலில் வந்து நிற்றல் அழகாகாது.

அன்பர்களே! நம் முன்னோர் பிடியரிசியால் எழுப்பிய சுவர்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. அச்சுவர்களுக்குள் வந்து சேரும் வழியையும் அவ்வளவு உறுதியாக்குவது நம் தலைமுறையின் கடமை. குறிப்பேட்டையும், சாரதியின் அவ்வுரிமையையும் தீர்மானமாக இக்கூட்டத்திலேயே நிறைவேற்றித் தருமாறு தலைவரவர்களை வணக்கத்துடன் வேண்டிக்கொண்டு அமர்கிறேன்.