வலிப்பும் நாடாப்புழுவும்

(சுங்குவார்சத்திரத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே செய்த பிரசங்கம்)



முப்பது வயது வரை திடகாத்திரமாயிருந்த ஒருவர் திடீரென்று கைகால் வெட்டி வீழ்வாராயின், நம்மவர் அதனைக் காற்று, கருப்பு என்று எண்ணி மந்திரிப்போரிடம் ஓடுகின்றனர். அல்லது சம்பந்தம் தடைப்படும், வேலை போய்விடும் என்றஞ்சி மறைத்துவிடுகின்றனர். வலிப்புக்குத் தலைக்காயம், மது முதலிய காரணங்கள் பல. அவற்றுள் நம் முயற்சியால் தடுக்கக்கூடிய ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்தேன். அது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்குவதாம்.

இஃது எங்கோ தூரதேசத்துச் சங்கதியன்று. இந்த நெடுஞ்சாலை வழியே மேற்கே சென்றால் வரும் வேலூர் மாவட்டத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் ஏறக்குறைய 50,000 பேரை விசாரித்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஆயிரம் பேரில் ஏறக்குறைய 4 பேர் வலிப்புடையோர். அவர்களில் சுமார் மூன்றிலொரு பங்கினருக்கு இப்புழுவே காரணமெனக் கண்டனர்.

"பன்றியிறைச்சியைத் தொடாத எமக்கென்ன?" எனச் சிலர் வினவலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். அரைவேக்காட்டுப் பன்றியிறைச்சியைத் தின்றவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தோடு அதன் முட்டைகள் வெளியேறும். அம்முட்டைகள் கழுவாத கை, அசுத்த ஜலம், பச்சைக் காய்கறி ஆகியவற்றின் வழியே யார் வயிற்றினுட் சென்றாலும், இளம்புழு வெளிப்பட்டு இரத்தத்தோடு மூளையை அடைந்து, சிறு நீர்ப்பையாய்த் தங்கும். ஆகவே, இறைச்சி தின்றவருக்குக் குடலிற் புழு. அவர் கைபட்ட சோற்றை உண்ட சைவருக்கு மூளையிற் பை. அது பல்லாண்டு ஓசையின்றிக் கிடந்து, அழியத் தொடங்குங்கால் சுற்றிலும் வீக்கமுண்டாக்கி வலிப்பைத் தரும். இந்தியாவில் சேவகம் செய்து ஊர் திரும்பிய ஆங்கிலச் சிப்பாய்கள் பலருக்குச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே வலிப்புக் கண்டது. பெரும்பாலும் அத்தகையோரான 450 நோயாளிகளின் விவரம் 1961இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று.

நம் சுங்குவார்சத்திரத்திலோ, தொழிற்சாலை வேலைக்குப் பல ஊர்களினின்றும் வந்த ஆயிரக்கணக்கானோர் பொது விடுதியில் தங்கிப் பொதுச் சமையலை உண்கின்றனர். வந்தவர்மேற் பழி சுமத்துதல் தகாது. ஊர் எதுவாயினும், சமைப்பவர் கை சுத்தமாயின் உண்பவர் தலை தப்பும்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பும் வாயில் எப்பொருளும் வேண்டா. ஐந்து நிமிஷத்தில் நிற்காவிடில் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தானே நின்றாலும், முதல் வலிப்பாயின் ஸ்கேன் எடுத்துக் காரணம் அறிதல் அவசியம். பூச்சி மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குதல் ஆபத்து. மூளையிலுள்ள புழு சாகும்போது வீக்கம் மிகும். எனவே அதனை மருத்துவரே தர வேண்டும். வலிப்பு நின்றதென்று மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது.

சங்கத்தார் செய்யத்தக்கவை நான்கு: கழிப்பறையில்லாத அங்கத்தினர் வீட்டுக்கு அதனைக் கட்ட உதவுதல், பன்றிகளைத் தெருவில் அலையவிடாது கொட்டிலில் அடைக்கச் செய்தல், பன்றியிறைச்சியை உள்ளும் நன்றாய் வேகும்வரை சமைக்கும்படி எடுத்துரைத்தல், உணவு விடுதிகளில் சோப்பும் தண்ணீரும் இருக்கச் செய்தல். மலத்தில் வெண்ணாடா போன்ற துண்டுகளைக் கண்டவர் வெட்கப்படாமல் மருத்துவரிடம் செல்க. குடற்புழுவை ஒழித்தல் எளிது.

கடன் தவணை தவறியவரின் வீட்டுக்கு நாம் தவறாது செல்கிறோம். வலிப்புக் கண்டவரின் வீட்டுக்கும் அவ்வாறே சென்று, அவரை வைத்தியசாலைக்கு அழைத்துப் போவோமாக.