டெமராராவின் மர வாலைகள்

கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து டெமராரா ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே போகும் சாலையில் இருக்கிறது டயமண்ட். வரைபடத்தில் கயானா தென் அமெரிக்க நாடு. பேச்சு, உணவு, கிரிக்கெட், வரலாறு என்று எதை எடுத்தாலும் அது கரீபியத் தீவுகளின் கூட்டாளி. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான கரிகாமின் தலைமையகமும் ஜார்ஜ்டவுனில்தான். பல ஆண்டுகள் பீப்பாயில் கிடந்து முதிர்ந்த ரம்மைச் சுவைக்கத் தெரிந்தவர்கள் டெமராரா என்ற பெயருக்குத் தனி மதிப்புத் தருவார்கள். அந்த மதிப்புக்கு உரிய, சாராயம் காய்ச்சி வடிக்கும் வாலைகள் இன்று டயமண்ட் வடிசாலையில் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன.

ஊரைச் சுற்றியுள்ள நிலம் தட்டையானது. கடல் ஏறும் வேளையில் கடலோரப் பகுதியின் பெரும்பாகம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். முதலில் ஆண்ட டச்சுக்காரர்கள் கடலுக்கு அணை போட்டு, கால்வாய் வெட்டி, மதகு வைத்து இந்த மண்ணைக் கரும்புக்கு ஆக்கினார்கள். வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். ஒவ்வொரு கால்வாய்க்கும் அவர்கள் சுமந்த சேற்றின் கணக்கு உண்டு. ரம்மைப் புகழும்போது அதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது. அடிமை முறை ஒழிந்தபின், 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்களில் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள். பின்னர் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் போனவர்களின் வழிவந்தோரை அங்கே இன்றும் ‘மதராசி’ என்றே அழைக்கிறார்கள்; அவர்களது கோயில்களில் மாரியம்மன் வழிபாடு தொடர்கிறது.

அந்நாளில் தோட்டத்துக்கு ஒரு சர்க்கரை ஆலை, ஆலைக்கு ஒரு வடிசாலை என்பது வழக்கம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகுதான் ரம்மின் மூலப்பொருள். அதில் நீர் கலந்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்து வாலையில் காய்ச்சுவார்கள். தோட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்து, வடிசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, வேறு நாடாக இருந்தால் பழைய வாலைகள் விறகாகியிருக்கும். கயானாவில் அவற்றைக் கழற்றி எடுத்துப்போய் அடுத்த வடிசாலையில் பொருத்தினார்கள். பெர்பீஸ் பகுதியின் போர்ட் மொரான்ட் தோட்டத்து வாலை ஆல்பியனுக்குப் போனது; அங்கிருந்து யூட்விலுக்டுக்கு; கடைசியில் டயமண்டுக்கு. ஒரு தோட்டத்தின் ருசியை இழக்க மனமில்லாமல் வாலையையே ஊர் விட்டு ஊர் சுமந்தவர்கள் இவர்கள். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய மரியாதை ஒரு கருவிக்குக் கிடைத்ததாகச் சொல்வது கடினம்.

இந்த வாலைகள் மரத்தால் ஆனவை. கிரீன்ஹார்ட் என்பது கயானாக் காடுகளில் வளரும் மரம்; தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்கு அடர்த்தி. துறைமுகத் தூண்களுக்கும் கப்பலுக்கும் உகந்தது; தென் துருவம் நோக்கிச் சென்ற ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலுக்கு மேலுறையாக அமைந்ததும் இதுவே. இதன் பலகைகளை நெருக்கி நிறுத்தி, இரும்புப் பட்டை பூட்டி, ஆள் உயரத்துக்கு மேற்பட்ட தொட்டியாக்கி, மேலே செம்புக் கழுத்து பொருத்தினால் வாலை தயார். உள்ளே நீராவி செலுத்திச் சூடாக்குவார்கள். போர்ட் மொரான்ட் வாலையில் இப்படி இரண்டு தொட்டிகள். முதல் தொட்டியில் எழும் ஆவி இரண்டாவதன் வழியாகப் போய் மேலும் வீரியமேறி வெளிவரும். அதன் தொடக்கம் 1732 என்று வடிசாலையார் குறிக்கிறார்கள். தேய்ந்த பலகையை மாற்றி மாற்றியே அது இவ்வளவு காலம் நின்றிருக்கிறது. வெர்சாய் தோட்டத்து வாலைக்கு ஒரே தொட்டி. என்மோர் தோட்டத்து வாலை மட்டும் வேறு வகை: 1830இல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர்வடிப்பு முறையில், ஆனால் மரச் சட்டங்களை அடுக்கி 1880இல் கட்டப்பட்டது.

மரத்தால் என்ன வேறுபாடு என்று கேட்டால், பதில் செம்பில் இருக்கிறது. செம்பு, ஆவியிலுள்ள கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொண்டு சாராயத்தை இலகுவாக்கும். மர வாலையில் செம்பின் பரப்பு குறைவு. ஆகவே இறங்கும் சாராயம் அடர்ந்தும் எண்ணெய்ப்பசையோடும் இருக்கிறது. இளமையில் அது முரட்டுச் சரக்கு. பீப்பாயில் ஆண்டுகள் போகப் போகத்தான் அந்த முரட்டுத்தனம் சுவையாக மாறுகிறது.

பீப்பாய்கள் பெரும்பாலும் அமெரிக்க பர்பன் விஸ்கி வைத்திருந்த 200 லிட்டர் ஓக் பீப்பாய்கள். வெப்ப நாட்டில் மரம் வேகமாகச் சுவை ஊட்டும். சரக்கும் வேகமாக ஆவியாகும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில் குறைவது இங்கே 6 விழுக்காட்டையும் தொடும். அந்தக் கணக்கில் 15 ஆண்டு கழித்துத் திறக்கும் பீப்பாயில் 80 லிட்டர்கூட மிஞ்சாது. முதிர்ந்த ரம்மின் விலைக்கு இதுவே நேரான விளக்கம். கயானா, ஜமைக்கா, பார்படோஸ் ரம்களில் புட்டியின் மேலுள்ள வயது, கலவையில் மிக இளைய சரக்கின் வயது. வேறு சில நாட்டுப் புட்டிகளில் வெறும் எண் பெரிதாக நிற்கும். அதை வயது என்று கொள்ளக்கூடாது. நிறத்தையும் நம்ப வேண்டாம். காய்ச்சிய சர்க்கரையால் கறுப்பாக்குவது பரவலான பழக்கம். சில தயாரிப்பாளர்கள் இனிப்பும் சேர்க்கிறார்கள். நாக்கின் நுனியில் பாகு போல ஒட்டிக்கொண்டு நிற்கும் ரம்மைச் சந்தேகிக்கலாம்.

சுவைப்பதற்குத் துலிப் பூ வடிவில் வாய் குறுகிய கண்ணாடிக் குவளை நல்லது; பனிக்கட்டி வேண்டாம். ஊற்றிச் சில நிமிடம் விட்டுவிட வேண்டும். பிறகு குவளையைத் தாடைக்கு அருகே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி முகர்ந்தால் சாராயக் காரம் மூக்கைத் தாக்காது. மர வாலை ரம்மில் முதலில் எழுவது சோம்பும் அதிமதுரமும். பின்னால் பென்சில் சீவிய மணம், உலர்திராட்சை, வறுத்த காப்பிக்கொட்டை. முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கே. அதை வைத்து முடிவு சொல்லக்கூடாது. இரண்டாவது மிடறை நாக்கின் மேல் பரப்பி நிறுத்தினால் எண்ணெய்ப்பசை தெரியும், பின்நாக்கில் ஓக்கின் துவர்ப்பு வரும். வீரியம் 50 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் சில துளி நீர் விட வேண்டும். அடங்கியிருந்த மணங்கள் மேலே வரும். விழுங்கியபின் அதிமதுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே தரத்தின் அளவுகோல்.

டயமண்ட் வடிசாலையிலிருந்து 1992இல் வெளிவந்த எல் டொராடோ 15 ஆண்டு ரம்மில் மூன்று மர வாலைகளின் சரக்கும் கலந்திருக்கிறது. இந்த வகையை அறிய அதுவே எளிய தொடக்கம். ஒற்றை வாலைச் சரக்கைத் தனியாக அடைப்பவர்களும் உண்டு. பீப்பாய்க் குறியில் பி.எம். என்றால் போர்ட் மொரான்ட், வி.எஸ்.ஜி. என்றால் வெர்சாய், இ.எச்.பி. என்றால் என்மோர். அயல் ரம்களோடு வைத்துச் சுவைப்பதானால் பார்படோஸிலிருந்து தொடங்குவது நல்லது, அது மென்மையானது. அடுத்து டெமராரா. பல நாள் புளித்து, கனிந்து அழுகத் தொடங்கிய அன்னாசியின் மணம் வீசும் ஜமைக்காவின் ஹாம்ப்டன் வகைகளைக் கடைசிக்கு வைக்க வேண்டும். அவற்றுக்குப் பிறகு எதைக் குடித்தாலும் நாக்கு ஏற்காது.