தாடிக்குள் பொடுகு



கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை, தை பிறந்தால் பத்துமலைக்குக் காவடி. மலேசியாவில் நம் ஆண்களில் பலர் சவரக் கத்தியைத் தூக்கி மேலே வைத்துவிடும் காலம் இது. மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தாடி வளர்ப்பவர்கள் உண்டு. வீட்டில் துக்கம் என்று விடுபவர்கள் உண்டு. காதல் தோற்றால் தாடி வளர்க்க வேண்டும் என்பதைச் சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் காரணமெல்லாம் தேவையில்லை. மாலையில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், தாடி இல்லாத இளைஞனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதற்காக வளர்த்தாலும் தாடி கொஞ்சம் அடர்ந்ததும் சிலருக்கு ஒரு தொல்லை தொடங்கிவிடும். தாடைக்கு அடியில் அரிக்கும். சொறிந்தால் கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உதிரும். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கழுத்தில் கறுப்புத் துணியைக் கட்டி, சீப்பைத் தாடைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி இழுப்பார் கடைக்காரர். மாவு சலித்தது போல மடியில் விழும். அதைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: "தோல் காஞ்சி போச்சு அண்ணே, எண்ணெய் போடுங்க."

இன்று நான் பேச வந்ததே அந்த எண்ணெயைப் பற்றித்தான்.

தாடிப் பொடுகு பெரும்பாலும் தோல் காய்வதால் வருவதில்லை. எண்ணெய் சுரக்கும் இடத்தில்தான் அது வருகிறது. நம் எல்லோருடைய தோலிலும் மலசேசியா என்ற ஒரு நுண்ணிய பூஞ்சை குடியிருக்கிறது. 1874-இல் இதைக் கண்டு எழுதிய மலசே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் பிற்பாடு இதற்கு வைத்தார்கள். தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்ள இந்தப் பூஞ்சைக்குத் தெரியாது. நம் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தின்றுதான் பிழைக்கிறது. தின்றது போக மிஞ்சும் ஒலியிக் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலடைந்து, நிதானமாகக் கழன்று புதுப்பித்துக்கொள்ள வேண்டிய மேல்படலத்தை அவசர அவசரமாக உதிர்க்கிறது. நாம் பொடுகு என்பது அதைத்தான். தலையிலும் இதுவே, புருவத்திலும் மூக்கோரத்திலும் இதுவே, தாடியிலும் இதுவேதான்.

இந்தப் பூஞ்சையை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வேண்டுமானால் என்ன செய்வார்கள் தெரியுமா? வளர்ப்புத் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவார்கள். அது இருந்தால் செழித்து வளரும். பேரங்காடியில் அழகான சின்னப் புட்டியில் 'தாடி எண்ணெய்' என்று விற்கிறார்களே, அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். ஆலிவ், பாதாம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். நம் வீட்டு நல்லெண்ணெயிலும் அதே வகைக் கொழுப்பு நிறைய இருக்கிறது. பொடுகு இல்லாதவர் தாடி பளபளக்க எண்ணெய் தடவிக்கொள்ளட்டும், அது அவர் விருப்பம். பொடுகு உள்ளவர் இரவில் தாடிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படுப்பது, அரிப்பைத் தீனி போட்டு வளர்ப்பதுதான்.

சரி, என்ன செய்யலாம்? தலைப் பொடுகுக்கு உள்ள மருந்து ஷாம்பூவே தாடிக்கும் போதும். மருந்துக் கடையில் பார்மசிஸ்டிடம் இரண்டு விழுக்காடு கீட்டோகோனசோல் உள்ள ஷாம்பூ என்று கேளுங்கள். ஜிங்க் பைரிதியோன் உள்ளதும் உதவும். செலினியம் சல்ஃபைடு வேலை செய்யும், ஆனால் நரைத்த தாடியில் சாயம் ஏற்றிவிடக்கூடும். ஐம்பதைத் தாண்டியவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

மருந்தை விட, போடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தாடி முடியில் நுரையைத் தடவி உடனே கழுவிவிடுகிறார்கள். நோய் முடியில் இல்லை, முடிக்கு அடியில் இருக்கும் தோலில் இருக்கிறது. முதலில் தாடியை நன்றாக நனையுங்கள். கொஞ்சம் ஷாம்பூவை எடுத்து, முடி சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக விரல் நுனியால் தோல் வரைக்கும் தேயுங்கள். நகம் படக்கூடாது. மீசைக்கு அடியும் உதட்டுக்குக் கீழே உள்ள குழியும் விட்டுப்போகும் இடங்கள். கண்ணில் படாமல் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு அலசுங்கள். வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை. குறைந்த பிறகும் முழுவதுமாக விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போதும். இது அடக்கி வைக்கக்கூடிய நோய், அடியோடு ஒழிகிற நோய் இல்லை. தூக்கம் கெட்டாலும் மனக்கவலை கூடினாலும் திரும்ப எட்டிப் பார்க்கும்.

விரதம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சவரம் செய்வதில்லை என்பதுதான் உங்கள் நேர்த்தி; கழுவுவதில்லை என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை. அதேபோல் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்கள், ஹெல்மெட்டின் தாடைப்பட்டை வியர்வையை அங்கேயே தேக்கி வைக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் முகத்தைக் கழுவித் துடையுங்கள், பட்டையையும் அவ்வப்போது துவைத்துக் காயப்போடுங்கள். இவ்வளவும் செய்தும் அடங்கவில்லையா? தாடியை எடுத்துவிட்டால் பலருக்கு அந்த இடத்துப் பொடுகு தானாகவே மறைந்துவிடுகிறது. நேர்த்தி முடிந்து பத்துமலையில் மொட்டையோடு தாடியையும் இறக்குகிறவர்களுக்கு இது முருகன் தரும் கூடுதல் வரவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தகப் படங்களில் இந்த நோய் சிவந்த தோலாகத் தெரியும். நம் நிறத்தில் சிவப்பு எடுத்துத் தெரியாது. தாடிக்கு அடியில் வெளிறிய திட்டாகவோ, சில சமயம் கறுத்த திட்டாகவோ தெரியும். வெளிறிய திட்டைப் பார்த்து வெண்குட்டமோ என்று வீட்டில் அழுதுகொண்டு உட்காருகிறவர்கள் உண்டு. பொடுகு அடங்கினால் நிறம் மெல்லத் திரும்பிவிடும். இது ஒட்டுவாரொட்டியும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

என்னைக் கேட்டால், பொடுகைவிட ஆபத்தானது நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் அந்தச் சின்ன டியூப்தான். ஊருக்குப் போன யாரோ தமிழ்நாட்டிலிருந்து வாங்கி வந்த க்ரீம், எல்லா அரிப்புக்கும் போடலாம் என்று சொல்லிக் கொடுத்தது. பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருந்தால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும். அதனால்தான் விட முடிவதில்லை. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், பரு கிளம்பும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். இந்தியாவிலேயே இப்படிப்பட்ட க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் விதியை இறுக்கினார்கள். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்' என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாத டியூப்பை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மருத்துவர் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாளைக்கு எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

தாடிக்கு அடியில் வரும் திட்டு வட்டமாக, ஓரம் தடித்துப் படர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். சீழ்க் கொப்புளம் வந்தாலும், நாணயம் போல முடி கொட்டினாலும், தடித்த வெள்ளிச் செதில் முழங்கையிலும் சேர்ந்து தெரிந்தாலும் அது பொடுகு இல்லை. ஷாம்பூவோடு மல்லுக்கட்டாமல் மருத்துவரைப் பாருங்கள். நான்கு வாரம் ஒழுங்காகக் கழுவியும் குறையாதவர்களும் அப்படியே. வீட்டுக்குப் பக்கத்திலேயே அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் இருக்கும். தேவைப்பட்டால் தோல் நிபுணருக்கு அவர்களே கடிதம் கொடுப்பார்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. போகும்போது அந்த டியூப்பையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.