இளங்கன்றும் பயமும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"இளங்கன்று பயமறியாது" என்பது நம் வீடுகளிலே அடிக்கடி வழங்கும் பழமொழி. 15 வயதுப் பிள்ளை மதிலேறிக் குதித்தாலும், மூன்று பேராய் ஒரு மோட்டார் சைக்கிளிலே பறந்தாலும், பெற்றோர் வாயில் முதலில் வருவது இதுவே. இப்பழமொழி எவ்வளவு தூரம் உண்மையாகும் என்பதை, மூளையைப் பற்றிய ஆராய்ச்சிகளைக் கொண்டு சிறிது நோக்குவதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

பருமனைப் பொறுத்தவரை, 6 வயதளவிலேயே பிள்ளையின் மூளை வளர்ந்தோர் மூளையில் நூற்றுக்கு 90 பங்கை எட்டிவிடுகின்றது. ஆகவே அதன் பின்னர் அங்கே பெரிய மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். சிக்காகோ பல்கலைக்கழகத்து நரம்பியல் வைத்தியர் பீற்றர் ஹட்டன்லொக்கர், இறந்தோரின் மூளைத் துண்டுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, நரம்புக்கலங்களுக்கிடையேயுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாய் எண்ணினார். எத்துணைப் பொறுமை வேண்டும்! 1979இல் அவர் வெளியிட்ட முடிவு பலரை வியக்கச் செய்தது. நெற்றிப்பக்க மூளையிலே இவ்விணைப்புகள் குழந்தைப் பருவத்திலேதான் மிகுதி. பின்னர் 16 வயதளவு வரையும் அவை குறைந்துகொண்டே போகின்றன.

குறைதல் என்றால் கேடு என்று கொள்ளற்க. புகையிலைத் தோட்டத்திலே நுனிக் கொழுந்தையும் பக்கக் கன்றுகளையும் கிள்ளிவிடுகின்றோம்; அது இலை தடிப்பதற்காக அன்றோ? அவ்வாறே பயன்படும் இணைப்பு நிலைக்கின்றது, பயன்படாதது கழிகின்றது. எஞ்சிய நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்புறை படர்ந்து, செய்தி பன்மடங்கு விரைவாய்ச் செல்ல வழிசெய்கின்றது. 1999இல் அமெரிக்க தேசிய உளநல நிறுவனத்தைச் சேர்ந்த ஜே கீட் என்பவரும் அவருடன் உழைத்தோரும், உயிருள்ள பிள்ளைகளின் மூளையையே காந்தக் கருவியாற் படமெடுத்து, நெற்றிமூளையின் சாம்பல்நிறப் பகுதி சிறுமியரில் 11 வயதளவிலும் சிறுவரில் 12 வயதளவிலும் உச்சத்தை அடைந்து பின் மெலிவதைக் காட்டினர். முன்யோசனைக்கும் தன்னடக்கத்துக்கும் வேண்டிய முன்னெற்றிப் பகுதி கடைசியாக முதிர்வனவற்றுள் ஒன்று. 25 வயதில் மூளை முற்றுப்பெறும் என்று சிலர் திட்டமாய்ச் சொல்லக் கேட்கின்றோம். அப்படியொரு கோட்டை விஞ்ஞானம் கீறவில்லை.

இவ்வளவையும் கேட்டவர், "சரிதான், பிள்ளைகளுக்கு இன்னும் மூளை முற்றவில்லை" என்று சொல்லி எழுந்துவிடக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். இந்தியா உட்பட 11 நாடுகளிலே நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமைதியாயிருந்து சிந்திக்கும் வேளையிலே 16 வயதினரின் அறிவாற்றல் பெரியோருடையதற்குக் குறைந்ததன்று. ஆபத்து எவ்வளவு என்று வினவினால், பல வேளைகளிலே பெரியோரைக் காட்டிலும் கூடுதலாகவே மதிப்பிடுகின்றனர். ஆகவே கன்று பயத்தை அறியும். அறிந்தும் ஏன் பாய்கின்றது?

பிலதெல்பியாவிலுள்ள ரெம்பிள் பல்கலைக்கழகத்திலே மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க் என்னும் இருவர் இதற்கு ஒரு விளையாட்டினால் விடை தேடினர். கணினித் திரையிலே ஒரு கார் ஓடும். மஞ்சள் விளக்கு எரியும். அதன் பின்னும் எவ்வளவு தூரம் ஓட்டுகின்றோமோ அவ்வளவுக்குப் புள்ளி. மோதினால் உள்ளதும் போய்விடும். 306 பேரை, 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதுக்கு மேற்பட்டோர் என வகுத்து, சிலரைத் தனியேயும் சிலரைச் சமவயதுத் தோழர் முன்னிலையிலும் விளையாடச் செய்தனர். பெரியோரிடத்திலே தோழர் இருப்பதால் மாற்றமேதும் விளையவில்லை எனலாம். இளையோரோ தோழர் பார்த்திருக்கும்போது துணிந்து துணிந்து ஓட்டினர். இது 2005இல் வெளிவந்தது. 2011இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, தோழர் பார்க்கின்றனர் என்ற அளவிலேயே இளையோர் மூளையிலே இன்பத்தையும் வெகுமதியையும் நாடும் பகுதி கிளர்ச்சியடைவதைக் கண்டனர்.

பெற்றோரே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். விறாந்தையிலே உங்கள் முன் நின்று, "மெதுவாகவே ஓடுவேன் அப்பா" என்று மகன் சொல்வது பொய்யன்று. அந்நேரத்தில் அவன் மனம் அதுவே. சந்தியிலே தோழர் மூவர் ஏறிக்கொண்ட பின் கணக்கு வேறாகிவிடுகின்றது. அமெரிக்காவிலே, 16, 17 வயதுச் சாரதி ஏற்றிச் செல்லும் ஆட்களின் தொகை கூடக்கூட, அச்சாரதி விபத்தில் இறக்கும் அபாயமும் கூடுவதாகக் கண்டிருக்கின்றனர். நியூசிலாந்து அரசு 1987இலேயே புதிய சாரதிகளுக்குப் படிமுறையான அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. இடைப்படியில் உள்ளவர் மேற்பார்வையாளர் இன்றி இரவு 10 மணிக்குப் பின் ஓட்டலாகாது, தோழரை ஏற்றலாகாது. இது நூறு உபதேசத்தினும் மேலானது என்பது நம் துணிபு.

நீதிமன்றமும் இதனைக் கருதியுள்ளது. மிசூரி மாநிலத்திலே 17 வயதிற் கொலை செய்து மரண தண்டனை பெற்ற கிறிஸ்தோபர் சிமன்ஸ் என்பவரின் வழக்கிலே, 2005ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், 18 வயது நிரம்பாத காலத்திற் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை விதித்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். முதிர்ச்சியின்மை, தோழர் தூண்டுதலுக்கு எளிதில் ஆட்படுதல், குணம் இன்னும் நிலைபெறாமை ஆகிய மூன்றையும் நீதியரசர்கள் எடுத்துக்காட்டினர். குற்றம் குற்றமே என்றார்கள். ஆயினும் திருந்துவதற்கு இடமுண்டு என்றார்கள்.

அப்படியானால் கூட்டம் சேரவே வேண்டாமா என்று இளைஞர்கள் கேட்கலாம். சங்கத்தின் மேடையிலே நின்று நாம் அவ்வாறு சொல்வோமா? ரெம்பிள் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. 18 முதல் 22 வயதுள்ள வாலிபர் கூட்டங்களை ஆராய்ந்தனர். சிலவற்றில் எல்லாரும் சமவயதினர். சிலவற்றில் ஒருவர் மட்டும் 25க்கும் 30க்கும் இடைப்பட்டவர். அவ்வொருவர் உடனிருந்த அளவிலேயே, தோழர் கூட்டத்தால் எழும் துணிச்சல் தணிந்து, தனித்திருப்போர் நிதானம் திரும்பிவிட்டது. தந்தை வயதினர் வேண்டியதில்லை; தமையன் வயதினரே போதும்.

அவ்வயதினர் நம் சங்கத்திலே பலர் உளர். உத்தியோகமாயிற்று, விவாகமாயிற்று என்று மெல்ல விலகுகின்றவர்களும் அவர்களே. சுற்றுலாவுக்கோ, தொண்டு வேலைக்கோ, இரவிலே வேற்றூர் விளையாட்டுப் போட்டிக்கோ தம்பிமார் புறப்படும்போது, கூட்டத்துக்கு ஒருவராக இவ்வண்ணன்மாரும் உடன்செல்லும்படி இவ்வாண்டு முதல் ஒழுங்கு செய்யுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம்.