பண்ணையார் வாழ்வு
(புதுச்சேரிப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



பெரும் பண்ணையாருடைய வாழ்வைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். எனக்குப் பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. ஆதலால் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

1968 ஜூலையில் டில்லி சர்க்கார் 'கோதுமைப் புரட்சி' என்று ஒரு தபால் தலை வெளியிட்டது. மெக்சிகோ நாட்டு விதையாலும் ரசாயன உரத்தாலும் பஞ்சாபில் கோதுமை பெருகிற்று. ஏராளமாய் நிலம் வைத்திருந்தவர்கள் மேலும் பணக்காரர்களானார்கள். அதே காலத்தில் தஞ்சை ஜில்லாவிலும் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் வந்தது, விளைச்சல் பெருகிற்று. பெருகியதில் பாடுபட்டவன் பங்கு கேட்டான். எவ்வளவு கேட்டான்? கூலி நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்டான்!

அந்தத் தபால் தலை வெளிவந்த அதே வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி இரவு, நம் காரைக்காலைத் தாண்டி நாகை வட்டாரத்திலுள்ள கீழ்வெண்மணியில், உயிருக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒண்டியிருந்த ஆதிதிராவிட மக்கள் 44 பேர் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அந்த வழக்கில் முதல் எதிரி இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. பெரிய மிராசுதார், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர். 'உற்பத்தியாளர்' என்ற அந்தப் பெயரைக் கவனியுங்கள்! சேற்றிலிறங்கி உழுதவன் உற்பத்தியாளன் அல்ல. முதுகொடிய நாற்று நட்டவளும் அல்ல. நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர்தான் உற்பத்தியாளராம்!

1970இல் நாகை செஷன்ஸ் கோர்ட் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை ஹைக்கோர்ட் எல்லோரையும் விடுதலை செய்தது. தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று என்னவென்றால், எதிரிகள் ஏராளமான நிலமுள்ள பணக்காரர்கள், முதல் எதிரியிடம் காரும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களின் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்பதாகும்.

தோழர்களே! பண்ணையார் வாழ்வின் தத்துவமே இதில் அடங்கிவிட்டது. உழுவது வேறொருவன், நடுவது வேறொருத்தி, அறுத்துச் சுமந்து களத்தில் சேர்ப்பது இன்னொருவன். எந்த வேலையும் தானே செய்யாமலிருப்பதுதான் அவருக்குக் கௌரவம். அந்தக் கௌரவமே கோர்ட்டிலும் அவருக்குச் சாதகமாய்ச் சாட்சி சொல்லிற்று! காலமெல்லாம் கைகால் தேய உழைத்த கூலிக்காரனுக்கு இப்படி ஒரு சாட்சி என்றைக்காவது கிடைக்குமா?

பண்ணையார் சுகப்படுவது முன்ஜன்மத்துப் புண்ணியம், பண்ணையாள் கஷ்டப்படுவது முன்ஜன்மத்துப் பாவம் என்று இன்னமும் நமக்குச் சொல்லுகிறார்கள். அப்படியானால், குடிசைக்குள் வெந்துபோன குழந்தை செய்த பாவம் என்ன? யாராவது கணக்குக் காட்டட்டும்! அரைப்படி நெல்லைத் தர மனமில்லாததற்கு விதியென்று ஒரு பெயர் வைத்தால் நாம் வாய் மூடிக்கொள்ள வேண்டுமா?

1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதனால் பண்ணைமுறை செத்துவிட்டதா? ஆள் போவதால் முறை போகாது. அந்த முறையைத் தாங்கி நிற்பது, "அவர் பெரியவர், நாம் சின்னவர்" என்று நம் மனதிலிருக்கும் எண்ணமேயாகும். ஆகையால், நாளைக்கு ஒரு பண்ணையாரைக் கண்டதும் தோளிலுள்ள துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவதற்கு முன்னால், அவர் சாப்பிடும் சோற்றை விளைவித்தது யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.