மழையும் மோட்டார்க் காரும்



வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கி, கார்த்திகை மழை கால்கொண்டுவிட்டால் நாவிதன்வெளியில் வயற்காரர் முகம் மலரும். பெரும்போக விதைப்பு முடிந்த வயலுக்கு வானம் தரும் கொடை அது. அதே மழையைக் கண்டு முகம் வாடுகிறவரும் ஒருவர் உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அருமை பெருமையாய் வைத்துப் பேணுகிறவரே அவர். தம் பிள்ளை நனைந்து கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பொருட்படுத்தாதவர்கூட, காரின் மேல் நாலு துளி விழுந்துவிட்டால் துணியை எடுத்துக்கொண்டு ஓடுவார். இத்தகைய காரை மழையில் ஓட்டலாமா, கூடாதா என்பது கார் உடையோர் கூடுமிடமெல்லாம் எழுகின்ற வழக்கு.

அவருடைய அச்சத்தை எள்ளி நகையாடிவிட முடியாது. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அந்த ஐந்தாண்டுகளில் நாட்டிலிருந்த பழைய கார்களின் விலை எங்கோ போய்விட்டது. ஐம்பது அறுபது ஆண்டு வயதுடைய எம்.ஜி. கார் ஒன்றுக்கு ஒரு கதவுத் தகடு வேண்டுமென்றால் கடல் கடந்து தேட வேண்டும். கிடைத்தற்கரிய பொருளை மழைக்குக் காட்ட எவருக்கும் மனம் வராது.

ஆயினும் மழைநீர் உண்மையிலே இரும்புக்கு எவ்வளவு பகை என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும். வானத்திலிருந்து விழும் நீரில் கரைந்துள்ள உப்பு மிகக் குறைவு. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய கரையோர ஊர்களில் இரும்பை அரிப்பது ஆண்டு முழுவதும் வீசுகின்ற கடற்காற்று கொண்டுவரும் உப்பே. அந்த உப்பு ஈரத்தோடு சேரும்போது துரு விரைந்து பரவும். நல்லதொரு மழை அந்த உப்பைக் கழுவிவிடுவதும் உண்டு. ஆகவே நனைந்தது குற்றமன்று. நனைந்தது உலராமலிருப்பதே குற்றம். காரின் கதவடியிலும் வாசற்படித் தகட்டின் உள்ளேயும் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. சேறும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே புகுந்த நீர் அங்கேயே தங்கிவிடும். 1962 இல் வெளிவந்த எம்.ஜி.பி. காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். வாசற்படித் தகடுதான் அதன் முதுகெலும்பு. அது உள்ளிருந்து இற்றுப்போவது வெளியே பளபளக்கும் வர்ணத்தைப் பார்த்தால் தெரியாது. மழைக்கஞ்சி மாதக்கணக்கில் பொலித்தீன் விரிப்பின் கீழ்ப் பூட்டி வைக்கப்பட்ட காரோ, உள்ளே வியர்த்து வியர்த்தே துருப்பிடிக்கும். காத்த கையே கெடுத்த கதை அது.

துருவுக்கு அடுத்தது மின்சாரம். 1959 இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி காரை இலங்கையில் அறியாதார் இலர். மொன்ரி கார்லோ ஓட்டப் போட்டியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடிய குலம் அது. அத்தகைய வீரன் ஒரு மழைக்குத் தோற்றான். இயந்திரத்தைக் குறுக்காக வைத்ததால், தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ரிபியூட்டர் முகப்புச் சல்லடைக்கு நேர் பின்னே வந்துவிட்டது. எதிர்வரும் மழை சல்லடையூடாகப் புகுந்து அதன்மேல் தெறிக்க, நடுவழியிலே இயந்திரம் நின்றுவிடும். இறப்பர்க் கையுறை ஒன்றின் விரல்நுனிகளை வெட்டி, அவற்றினூடே கம்பிகளைச் செலுத்தி டிஸ்ரிபியூட்டருக்கு மாட்டிவிடுவது பழைய மினிக்காரரின் கைவைத்தியம். பேரறிஞர் ஒருவரின் பிழையைக் கையுறை ஒன்று தீர்த்து வைத்தது!

இவையெல்லாம் காருக்கு வரும் கேடு. ஓட்டுபவருக்கு வரும் கேடு வேறு. அதனைப் பற்றித்தான் கார்ப் பிரியர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். பல நாள் வெயிலுக்குப் பின் முதல் மழை விழும்போது, வீதியிற் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து வழுக்கும். நீர் மிகுந்தால் இன்னொரு விந்தை நிகழும். ரயரின் முன்னே குவியும் நீர் அதனைத் தரையிலிருந்து தூக்கிவிட, கார் வீதியை விட்டு நீரின் மேல் வழுக்கிச் செல்லும். அப்போது சுக்கானைத் திருப்பினாலும் பிறேக்கை மிதித்தாலும் கார் கேளாது. இதனை ஆராய்ந்து நாசா நிறுவனம் 1963 இல் வெளியிட்ட கணக்கொன்று உண்டு. ரயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35 ஆற் பெருக்கினால், கார் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். அழுத்தம் 25 இறாத்தல் ஆயின் வர்க்கமூலம் 5. வேகம் ஏறத்தாழ 52 மைல், அதாவது 83 கிலோமீற்றர். ரயரின் வெட்டுகள் தேய்ந்தோ, நீரின் ஆழம் அவ்வெட்டுகளை மிஞ்சியோ இருக்கும் நிலைக்குரிய கணக்கு இது. அகன்ற ரயரும் குறைந்த பாரமும் உடைய கார் இன்னும் மெதுவான வேகத்திலேயே மிதக்கக்கூடும். ஸ்போர்ட்ஸ் கார் என்பது பெரும்பாலும் அப்படிப்பட்டதே.

செல்லமாக வளர்க்கப்படும் காருக்கு இன்னொரு குறையும் உண்டு. ஓடாதபடியால் அதன் ரயர் தேயாது. ஆனால் வயது ஏறும். வயதேறிய இறப்பர் கட்டிபட்டு ஈர வீதியைப் பற்றாது. ரயரின் பக்கத்திலே பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்த்தால் அதன் பிறந்த நாள் தெரியும். 2312 என்றிருந்தால் 2012 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். வெட்டு ஆழமாயிருக்கிறதென்று மகிழ்பவர் இந்த எண்ணையும் ஒருமுறை குனிந்து பார்த்தல் நன்று.

மழையில் ஓட்ட மறுப்பது கோழைத்தனம் என்று சொல்வோர், 1976 ஒக்டோபர் 24 ஆந் திகதி ஜப்பானின் பூஜி மைதானத்தில் நடந்ததை அறிய வேண்டும். அவ்வாண்டின் உலகக் கார் ஓட்ட வீரர் யார் என்பதைத் தீர்மானிக்கும் கடைசிப் போட்டி. ஒஸ்திரியா நாட்டவரான நிக்கி லவுடா மூன்று புள்ளிகள் முன்னே நின்றார். அவ்வாண்டு ஓகஸ்டில் ஜேர்மனியில் நேர்ந்த விபத்திலே தீயில் வெந்து, சாவின் வாயிலைத் தொட்டு, ஆறே வாரத்திற் களத்துக்குத் திரும்பியவர் அவர். பூஜியிலோ பெருமழை. இரண்டு சுற்று ஓடிய லவுடா காரை நிறுத்தி இறங்கிவிட்டார். பின்னர் மழை தணிந்தது. மூன்றாவதாக வந்த ஜேம்ஸ் ஹண்ட் ஒரேயொரு புள்ளியால் பட்டத்தை வென்றார். அவசரப்பட்டார் லவுடா என்றனர் பலர். அவரோ மறு ஆண்டு 1977 இலும், பின்னர் 1984 இலும் அப்பட்டத்தைப் பெற்றார். உயிரோடிருந்ததனால் பெற்றார்.

பூஜி மைதானம் தொலைவில் உள்ளது. கிட்டங்கித் தாம்போதியோ அருகில் உள்ளது. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் வழியிலே, மாரி பல ஆண்டுகளில் வெள்ளம் மேவிப் பாய்ந்து போக்குவரத்தைத் துண்டித்த இடம் அது. காரை மழையில் ஓட்டலாமா என்ற கேள்வி அங்கே வேறு உருவம் கொள்கிறது. எம்.ஜி. போன்ற கார் ஏறத்தாழ நான்கு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உடையது. அதன் அடித்தளத்துக்கு மேல் பத்துச் சதமமீற்றர் நீர் ஏறினால், காரை மேலே தூக்கும் விசை ஏறத்தாழ 600 கிலோகிராம். காரின் நிறையோ ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே உள்ளே நீர் புகுந்து நிரம்புவதற்கு முன்னரே, ஒரு சாண் நீர் அதனைத் தோணியாக்கிவிடும். ஓடும் நீராயின் பக்கவாட்டில் இழுத்துச் சென்றுவிடும். தாழ்ந்த காரின் இயந்திரம் காற்றை இழுக்கும் வாயும் தாழ்ந்ததே. அதனூடே நீர் புகுந்தால், காற்றைப்போல் நீரை அமுக்க முடியாமையால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து இயந்திரம் பாழாகும். நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் முடுக்கிப் பார்ப்பவர் அந்தப் பாழைத் தாமே நிறைவேற்றுகிறார்.

கார் தாழ்ந்தது, உயர்ந்த வாகனமென்றால் போகலாமே என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2024 நவம்பர் 26 ஆந் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரஸா மாணவர்கள் அதில் இருந்தனர். சிலர் மீட்கப்பட்டனர், சிலர் சடலமாகவே கிடைத்தனர். உழவு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தை நம்பி வெள்ளத்தில் இறங்குவது இப்பகுதியில் நெடுநாள் வழக்கம். அந்த நாளுக்குப் பிறகு அப்படி நம்புவதற்கு எந்தத் தாய்க்கும் மனம் துணியாது.

ஆகையால் கல்முனையிலிருந்து புறப்படும் கார்க்காரர் தூறலுக்கஞ்ச வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, முன்னே செல்லும் வாகனத்துக்கு வழக்கத்தின் இருமடங்கு இடைவெளி விட்டு, விளக்கை ஏற்றி ஓட்டட்டும். பிறேக் நனைந்திருந்தால் மெல்ல மிதித்து உலர்த்தட்டும். தாம்போதியின் ஓரம் கண்ணுக்குத் தெரியாதபடி நீர் பாய்கிறதென்றால், அங்கே திரும்பிக் கல்முனைக்கே வந்து, உறவினர் வீட்டு மேட்டு முற்றத்திலே காரை நிறுத்தி, இரவு தாமும் அங்கேயே தங்கட்டும். காலையில் வெயில் கண்டால் கதவுகளைத் திறந்து வைத்து, காலடி விரிப்புகளை எடுத்து வேலியிற் போட்டு, கதவடித் துளைகளை ஈர்க்குக் குச்சியாற் குத்திவிடலாம். வெள்ளம் வடிய இரண்டு நாளோ மூன்று நாளோ செல்லும்.